யோனா எந்தப் பக்கத்தில் முடிகிறான்? கிறிஸ்தவ நூல்கள் குறித்து ஒரு மதிப்புரை

கிறிஸ்தவ நூல்கள் என்ற ஒரே பெயரின் கீழ் விற்பனைக்கு வருபவற்றுள் மூன்று வயதுக் குழந்தைக்கான தடித்த அட்டைப் புத்தகமும் உண்டு; நாளுக்கு ஒரு பக்கம் என்று அமைந்த தியான நூலும், துன்பத்தைக் கடந்து வந்தவர்களின் வரலாறும், வாழ்வில் முன்னேற வழி சொல்லும் ஊக்க நூலும் உண்டு. இவை அனைத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது முறையாகாது. ஆயினும், திரும்ப எடுத்து வாசிக்கத் தோன்றுபவற்றையும் ஒரு முறை வாசித்தபின் தூசி படிய விடுபவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. வேதாகமம் கேள்வியாக விட்டுவைத்ததைச் சில நூல்கள் கேள்வியாகவே வாசகனிடம் ஒப்படைக்கின்றன. பல நூல்களோ அதற்கு முன்பே ஒரு நீதியைச் சொல்லிக் கதையை மூடிவிடுகின்றன.

சிறுவர் வேதாகமக் கதை நூல் எதையேனும் வாங்குவதற்கு முன் நான் முதலில் திறந்து பார்ப்பது தீர்க்கதரிசி யோனாவின் கதையைத்தான். மூல நூலில் அது நான்கு அதிகாரங்கள் மட்டுமே. சந்தையில் உள்ள பெரும்பாலான சிறுவர் நூல்களில் நினிவே நகரத்துக்குப் போய் எச்சரிக்கச் சொன்ன கடவுளுக்குக் கீழ்ப்படியாமல் யோனா ஓடுகிறான், புயல் வருகிறது, மீன் விழுங்குகிறது, கரையில் கக்குகிறது, அவன் நினிவேக்குப் போகிறான், மக்கள் மனந்திரும்புகிறார்கள். 'பெரியவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்' என்ற வரியோடு பக்கம் முடிகிறது. ஆனால் கதையின் உயிர்நிலை நான்காம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. நினிவே அழியாமல் தப்பியதற்காக யோனா கோபித்துக்கொண்டு நகருக்கு வெளியே உட்காருகிறான். அவன் தலைக்கு நிழலாக ஓர் ஆமணக்குச் செடி முளைக்கிறது. மறுநாள் பூச்சி அரித்து அது பட்டுப்போகிறது. செடிக்காக இவ்வளவு வருந்துகிறாயே, வலதுகை எது இடதுகை எது என்று அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேரும் திரளான மிருகஜீவன்களும் உள்ள நகரத்துக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னான் என்பது எழுதப்படவே இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த இடத்தில் கதையை நிறுத்திப் பாருங்கள். 'அப்புறம் யோனா என்ன சொன்னான்?' என்று அது கேட்கும். அந்தக் கேள்விக்கு இடம் வைத்திருக்கும் சிறுவர் நூல்கள் மிகச் சிலவே, வாங்கத் தகுந்தவையும் அவையே.

வயதுக்கேற்பக் குறைப்பதை நான் குறை சொல்லவில்லை. தாவீதின் வாழ்க்கை முழுவதையும் ஐந்து வயதில் சொல்ல முடியாது; ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையைச் சில நூல்கள் விட்டுவிடுவதும் புரிந்துகொள்ளத் தக்கதே. விட்டுவிடுவது வேறு, மாற்றி மெழுகுவது வேறு. ஆதியாகமத்தின்படி நோவாவின் பேழை முந்நூறு முழ நீளம் கொண்டது, அதாவது ஏறத்தாழ 135 மீட்டர். ஓவியத்திலோ அது குளியல் தொட்டி அளவுள்ள படகாகி, கூரையின் வழியே இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள் தலையை நீட்டிச் சிரிக்கின்றன. வெள்ளத்தால் நேர்ந்த அழிவின் கதையை மிருகக்காட்சிசாலைச் சுற்றுலாவாக ஆக்கிய பின் கடைசிப் பக்கத்தில் வானவில் எதற்காக வருகிறது என்பது குழந்தைக்கு விளங்க வழியில்லை. மாறாக, கறுத்த நீரையும் அதன் மேல் சிறு புள்ளியாகப் பேழையையும் வரைந்திருந்த ஒரு நூலில், ஒரே ஒரு வண்ணத்தை மட்டும் கூடுதலாகச் சேர்த்து வரைந்திருந்த வானவில்லைப் பார்த்தபோது ஓவியர் கதையை முழுமையாக வாசித்திருக்கிறார் என்று நம்பிக்கை வந்தது.

பெரியவர்களுக்கான அனுதின தியான நூல்களிலும் இதே நோய் வேறு வடிவில் இருக்கிறது. மேலே ஒரு வசனம், கீழே அரைப் பக்க விளக்கம், இறுதியில் இரண்டு வரி ஜெபம் என்பது பொதுவான அமைப்பு. வசனத்தைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் சிக்கல். சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிப் பேசும் எரேமியா 29:11 இடம்பெறாத தியான நூல் அரிது. அதற்கு முந்தைய வசனம், பாபிலோனில் எழுபது வருடம் நிறைவேறிய பின்பே மீட்பு வரும் என்று சிறைப்பட்டுப் போனவர்களுக்குச் சொல்கிறது என்பதைக் குறிப்பிடும் நூல் அதைவிட அரிது. எழுபது வருடம் என்றால், எரேமியா அவர்களுக்கு எழுதியனுப்பிய அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. வாக்குத்தத்தத்தின், அதாவது கடவுள் தந்த வாக்குறுதியின், எடை அங்கேதான் இருக்கிறது. அதேபோல, எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்னும் பிலிப்பியர் 4:13 தேர்வு வெற்றிக்கும் தொழில் வெற்றிக்கும் உரிய வசனமாக அச்சாகிறது. சிறைக் கட்டுகளில் இருந்தபடி இதை எழுதிய அப்போஸ்தலர் பவுல், முந்தைய வசனத்தில் பட்டினியாயிருக்கவும் தாழ்ந்திருக்கவும் கற்றுக்கொண்டதைப் பற்றியே பேசுகிறார். வாங்கும் முன் பார்க்க வேண்டிய இன்னொன்று, வேதாகமத்தின் பாடல் தொகுப்பிலுள்ள சங்கீதம் 88 அந்தத் தியான நூலில் எங்கேனும் வருகிறதா என்பது. 150 சங்கீதங்களில் புலம்பல்கள் மிகுதி. இந்த ஒன்றோ ஆறுதல் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. துக்கத்தில் இருப்பவருக்குத் தியான நூல் ஒன்றைப் பரிசளிக்க எண்ணுபவர்கள் இதை மறக்காமல் பார்ப்பது நல்லது.

இந்த வகையில் ஆஸ்வால்ட் சேம்பர்ஸின் 'மை அட்மோஸ்ட் ஃபார் ஹிஸ் ஹையஸ்ட்' தனித்து நிற்கிறது. அவர் அதை நூலாக எழுதவே இல்லை. முதல் உலகப் போரின்போது எகிப்தில் படைவீரர்களிடையே ஊழியம் செய்துவந்த அவர் 1917-இல் இறந்துபோக, அவருடைய உரைகளைச் சுருக்கெழுத்தில் குறித்து வைத்திருந்த மனைவி பிடி (Biddy) அவற்றிலிருந்து தொகுத்து 1927-இல் வெளியிட்டார். பேச்சிலிருந்து வந்ததால் வாக்கியங்கள் குட்டையாகவும் வெட்டென்றும் இருக்கின்றன. சில பக்கங்கள் முன்பின் தொடர்பின்றித் தொடங்கி அப்படியே முடிகின்றன. தட்டிக்கொடுப்பதை எதிர்பார்த்து எடுப்பவருக்கு இது ஏமாற்றம் தரும். முதல் தியான நூலாக இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவதாகத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஊக்க நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு படிகள், பத்து இரகசியங்கள் என்று அத்தியாயம் பிரிக்கும் நூல்களில் வேத வசனங்களை எடுத்துவிட்டாலும் வாதம் சற்றும் குலையாமல் நிற்கிறது என்றால், அவை அங்கே அலங்காரத்துக்காகவே இருக்கின்றன என்று பொருள்.

உண்மையான ஊக்கம் தேடுபவர்களை நான் வாழ்க்கை வரலாறுகளின் பக்கம் அனுப்புவேன், அதிலும் நாயகரின் பலவீனத்தை மறைக்காதவற்றின் பக்கம். 1971-இல் வெளிவந்த கோரி டென் பூமின் 'தி ஹைடிங் பிளேஸ்' அதற்கு நல்ல சான்று. இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களை வீட்டில் மறைத்து வைத்ததற்காக நெதர்லாந்தைச் சேர்ந்த அந்தக் குடும்பம் கைதாகி, கோரியும் அவருடைய அக்கா பெட்சியும் ராவன்ஸ்புரூக் என்னும் நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கொட்டடி முழுவதும் தெள்ளுப்பூச்சி. அதற்காகவும் நன்றி சொல்ல வேண்டும் என்கிறார் பெட்சி. கோரிக்கு அது சற்றும் ஏற்புடையதாக இல்லை. அந்தப் பூச்சிகளுக்கு அஞ்சியே காவலர்கள் உள்ளே வருவதில்லை, அதனால்தான் தடையின்றி வேதம் வாசிக்க முடிந்தது என்பது பின்னர் தெரியவருகிறது. இதை மட்டும் சொல்லியிருந்தால் அழகான பிரசங்க உதாரணமாக நின்றிருக்கும். பெட்சி அந்த முகாமிலேயே இறந்துவிடுகிறார் என்பதையும், போர் முடிந்த பின் முன்னாள் காவலர் ஒருவர் கை நீட்டியபோது தம் கை எழ மறுத்தது என்பதையும் கோரி ஒளிக்காமல் எழுதியிருப்பதால்தான் நூல் நம்பத் தக்கதாகிறது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பெரியவர் ஒருவர் உடனிருந்து வாசிக்க, இதைத் தரலாம்.

பெரியவர்களுக்காக எழுதப்பட்டுச் சிறுவர் அலமாரிக்கு வந்து சேர்ந்த நூல் என்றால் மோட்சத்தை நோக்கிச் செல்லும் ஒரு பயணியின் உருவகக் கதையான, ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' நினைவுக்கு வரும். உரிய அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்த பனியன் முதல் பகுதியை 1678-இல் வெளியிட்டார். அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' நமக்குக் கிடைத்திருக்கும் தனிச் செல்வம். சிறுவர் சுருக்கங்களில் போர்க் காட்சிகள் தப்பிப் பிழைக்கின்றன, நீண்ட உரையாடல்கள் வெட்டுப்படுகின்றன. அதில் பிழையில்லை. ஆனால் அவநம்பிக்கை என்னும் இராட்சதனின் கோட்டைக் காட்சியைச் சுருக்கும் விதத்தில் பதிப்புகள் வெகுவாக வேறுபடுகின்றன. மூலத்தில் பயணி, கதவைத் திறக்கும் வாக்குத்தத்தம் என்னும் சாவி ஆரம்பம் முதலே தன் மடியில் இருந்ததை நாள் கணக்கில் அடியும் பட்டினியும் பட்ட பிறகே நினைவுகூர்கிறான். சில சுருக்கங்களில் அடைபட்ட மறு வரியிலேயே சாவி கைக்கு வந்துவிடுகிறது. மறந்துபோனதன் வலி காணாமல் போகிறது.

நூலின் உடலமைப்பையும் பார்த்தே வாங்க வேண்டும். தியான நூல் ஆண்டு முழுவதும் அன்றாடம் திறக்கப்படுவது. பசையால் மட்டும் ஒட்டிய முதுகு மே மாதத்துக்குள் பிளந்து, தாள்கள் கழன்று வரத் தொடங்கும். நூலால் தைத்த கட்டமைப்பா என்பதை முதுகின் உள்பக்கத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து தெரிந்தால் வயதானவர்களுக்கு வாசிப்பது சிரமம். பிப்ரவரி 29-க்குப் பக்கம் ஒதுக்காத நூல்கள்கூட உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதானே என்று பதிப்பாளர் நினைத்தார் போலும். குழந்தை நூல்களில் பளபளப்புத் தாள் விளக்கொளியில் கண்ணைக் கூசச் செய்வதால், படுக்கும் நேரத்தில் வாசித்துக் காட்டுபவர்கள் மங்கலான தாளில் அச்சான பதிப்பையே தேடலாம். ஒலிநூலைப் பொறுத்தவரை, சங்கீதங்களுக்கும் வாழ்க்கை வரலாறுகளுக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது. தியான நூலுக்குப் பொருந்தவில்லை, ஏனெனில் ஒரு வரியில் நின்று மீண்டும் வாசிக்க வேண்டிய இடத்தில் குரல் நம்மைக் கேட்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.