காமகுராவில் ஒரே நாள்: மலைப் பக்கமா, கடல் பக்கமா?

டோக்கியோவிலிருந்து யோகோசுகா ரயிலில் ஒரு மணி நேரம்தான் என்பதால், காமகுராவுக்கு எல்லோரும் ஒரு நாள்தான் ஒதுக்குகிறார்கள். ஆனால் பார்க்க வேண்டியவை இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒரு ஸ்டேஷன் முன்னதாகக் கித்தா-காமகுராவில் இறங்கினால் மலைச்சரிவும் ஜென் மடங்களும். காமகுரா வரை போய், எனோடென் என்ற குட்டி ரயிலுக்கு மாறி ஹசேயில் இறங்கினால் பெரிய புத்தர், அப்புறம் கடல். இரண்டையும் முழுசாகப் பார்க்கிறேன் என்று கிளம்புபவர்கள் மாலையில் கால்வலியோடுதான் திரும்புகிறார்கள்.

முதலில் மலைப் பக்கம். எங்காகு-ஜி என்ற ஜென் மடம் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. தண்டவாளமே கோயில் நிலத்தை அறுத்துக்கொண்டுதான் போகிறது. மங்கோலியப் படையெடுப்பில் மாண்டவர்களுக்காக, எதிரிகளையும் சேர்த்தே, அன்று ஆட்சியை நடத்திய ஹோஜோ தோக்கிமுனே 1282இல் கட்டியது. எதிர்ப்புறம் சற்றுத் தள்ளி இருக்கும் தோக்கே-ஜி, அவர் மனைவி விதவையான பின் தொடங்கியது. கணவனிடமிருந்து தப்பி வரும் பெண்களுக்குப் பல நூற்றாண்டுகள் விவாகரத்து வாங்கித் தந்த மடம் அது.

அங்கிருந்து சாலையோரமாகக் கால் மணி நேரம் நடந்தால் கென்சோ-ஜி மடம், 1253இல் கட்டியது. சீனத்திலிருந்து வந்த முதல் குரு கொண்டுவந்த விதையில் முளைத்தவை என்று சொல்லப்படும் முறுக்கேறிய மரங்கள் முற்றத்தில் நிற்கின்றன. ஆனால் என்னை நிறுத்தியது உள்ளே, கூரையில் வரைந்த டிராகனுக்குக் கீழே இருந்த சிலை. லாகூர் அருங்காட்சியகத்துப் பட்டினி புத்தரின் பிரதி, பாகிஸ்தான் கொடுத்தது. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஒட்டிய வயிறு, குழிந்த கண். கென்சின் என்ற காய்கறி சூப் பிறந்ததும் இந்த மடத்தில்தான் என்கிறார்கள். சைவக்காரர்கள் வெளிக்கடைகளில் மீன் சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

கடல் பக்கத்துப் புத்தர் இதற்கு நேர்மாறு. 1252இல் வார்க்கத் தொடங்கிய வெண்கலம், பதினோரு மீட்டருக்கு மேல் உயரம், 121 டன். மேலே இருந்த மண்டபம் போய்ப் பல நூற்றாண்டாக வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறார். சில்லறைக் காசு கொடுத்தால் அவர் வயிற்றுக்குள்ளேயே போகலாம். துண்டு துண்டாக வார்த்து இணைத்த தடங்கள் உட்சுவரில் தெரியும். சரி, இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

நான் கூடுதல் நேரம் நின்றது அதே வளாகத்தில் ஒரு நினைவுக்கல் முன்னால். 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தர் வாக்கைச் சொல்லி ஜப்பானிடம் இழப்பீடு வேண்டாம் என்ற இலங்கை அமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தனவுக்கு நட்ட கல். 1983 ஜூலையில் ஜனாதிபதியாக இருந்தவரும் அவர்தான். தமிழர் ஒருவர் அதைச் சும்மா கடந்துவிட முடியாது.

பக்கத்தில் ஹசே-தேரா கோயில். கருணையின் வடிவமான கன்னோனுக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் உயர்ந்த மரச் சிலையும், மேடையிலிருந்து கடல் காட்சியும் உண்டு. ஜூனில் ஹைட்ரேஞ்சா பூக்கும்போது கூட்டம் நெரியும். எனோடென் ஒற்றைத் தடம், வீட்டுக் கொல்லைகளை உரசிக்கொண்டு போகிற ரயில். விடுமுறை நாளில் ஏறவே வரிசை.

குழந்தைகளோடு போனால் ஹசேதான், யோசிக்கவே வேண்டாம். பெரியவர்கள் மட்டும் என்றால் நான் கித்தா-காமகுராவுக்கே ஓட்டுப் போடுவேன். காலை ஒன்பதுக்கு அங்கே இறங்கிக் கென்சோ-ஜி வரை நிதானமாக நடங்கள். மதியத்துக்கு மேல் எனோடெனில் போய்ப் பெரிய புத்தரை மட்டும் பாருங்கள். மடங்கள் நாலரை மணிவாக்கில் சாத்திவிடுவதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அப்புறம் யுயிகஹாமா கடற்கரை. அங்கே கையில் சோற்று உருண்டையோடு உட்காராதீர்கள். என்னுடையதைப் பின்னாலிருந்து வந்த பருந்து ஒன்று, விரலில் நகம்கூடப் படாமல் கொத்திக்கொண்டு போனது.