கூகுள் ஆட்ஸ்: ஏத்தங்காய் சிப்ஸ் விற்றுப் பார்த்த அனுபவம்

தக்கலையில் எங்களுக்கு ஒரு சிறிய சிப்ஸ் கடை. ஏத்தங்காயை, அதாவது நேந்திரம் வாழைக்காயை, தேங்காய் எண்ணெயில் வறுத்து எடுப்பது மாமியின் கைப்பக்குவம். வெளியூருக்கும் அனுப்பலாமே என்று இணையதளம் ஒன்று போட்டோம். மூன்று மாதத்தில் வந்த ஆர்டர் எல்லாம் சொந்தக்காரர்களுடையது. அப்புறம்தான், கூகுளில் தேடுபவர்களுக்கு விளம்பரம் காட்டும் கூகுள் ஆட்ஸ் பக்கம் போனேன். எட்டு மாதமாக ஓட்டுகிறேன். சிறு வியாபாரிகளுக்கு இதைத் தைரியமாகச் சொல்வேன், ஆனால் விளம்பரக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதலில் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தோம். பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் இத்தனை கிளிக் என்று ஒரு பிடிஎஃப் வந்தது, ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. கணக்கை அவர்களுடைய மின்னஞ்சலில் தொடங்கியிருந்ததால் உள்ளே நடப்பதைப் பார்க்க எனக்கு வழியில்லை. பலமுறை கேட்ட பிறகு ஒருநாள் திரையைக் காட்டினார்கள். 'சிப்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லை பிராட் மேட்சில், அதாவது அதோடு தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும் முறையில், போட்டிருந்தார்கள். விளம்பரம் காட்டும் இடம், எங்கள் கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் ஊரில் யார் சிப்ஸைக் கூரியரில் வாங்குவார்? வறுத்த சூட்டோடு கடையில் வந்தல்லவா வாங்குவார்கள்!

எதைத் தேடி எங்கள் விளம்பரத்தைத் தட்டினார்கள் என்ற பட்டியல் அங்கேயே இருந்தது. உருளைக்கிழங்கு சிப்ஸ் செய்வது எப்படி, சிப்ஸ் சீவும் மெஷின் விலை, சிப்ஸ் கம்பெனி வேலை. விளம்பரம் கண்ணில் படுவதற்குக் காசில்லை, தட்டினால்தான் காசு. மாமியிடம் இதை விளக்கினேன். "மக்களே, வேலை தேடி வந்தவனுக்கு நாம எதுக்கு ரூவா குடுக்கணும்?" என்றார். நியாயமான கேள்வி.

சரி என்று என் மின்னஞ்சலிலேயே புதுக் கணக்கு தொடங்கினேன். நாள் பட்ஜெட் 200 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. ஒருநாள் 370 ரூபாய் போயிருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன். அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்: ஒரு நாளில் இரண்டு மடங்கு வரை செலவாகலாம், ஆனால் மாதத்தில் நாள் பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது. இது தெரிந்தால் முதல் வாரம் நிம்மதியாகத் தூங்கலாம்.

நான் அதிக நேரம் செலவழித்தது சொற்களில்தான். நாங்கள் பிறந்ததிலிருந்து சொல்வது ஏத்தங்காய். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்டு பிளானரில் போட்டால் அதைத் தேடுபவர்கள் கிட்டத்தட்ட இல்லை. சென்னையிலும் கோவையிலும் அது நேந்திரம். பலர் 'கேரளா சிப்ஸ்' என்றே தேடுகிறார்கள். தக்கலைக் காய்க்குக் கேரளா என்று பெயர் போட மனம் வரவில்லை. ஆனாலும் தேடுகிறவர் எந்தச் சொல்லோடு வருகிறாரோ அதை வைத்துத்தானே பிடிக்க முடியும்? கீவேர்டில், அதாவது விளம்பரத்தைக் கொண்டுவரும் தேடல் சொற்களில், அந்தச் சொல்லைச் சேர்த்தேன், விளம்பர வாசகத்தில் 'தக்கலையில் வறுத்த நேந்திரம் சிப்ஸ்' என்றே எழுதினேன். எல்லாமே ஃபிரேஸ் மேட்ச், அதாவது அந்தச் சொற்றொடரின் பொருள் உள்ள தேடலுக்கு மட்டும் விளம்பரம் வரும். செய்வது எப்படி, ரெசிபி, மெஷின், வேலை, மொத்த விலை ஆகியவற்றை இந்தச் சொல் இருந்தால் விளம்பரம் வேண்டாம் என்னும் நெகட்டிவ் கீவேர்டாகப் போட்டேன். இப்போதும் காலையில் கடை திறக்குமுன் தேடல் பட்டியலைப் பார்த்து ஓரிரண்டு சொல்லைச் சேர்க்கிறேன்.

இடம் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தானாகவே தேர்வாகி வருவதில், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களும் சேர்ந்தே இருப்பார்கள். கூரியர் போகாத இடத்திலிருந்தும் கிளிக் வரலாம். ஊரில் இருப்பவர் மட்டும் என்று மாற்றிவிட்டேன். மற்ற இணையதளங்களிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டும் டிஸ்பிளே நெட்வொர்க் டிக்கையும் எடுத்துவிட்டேன். விளம்பரத்தைத் தட்டுபவரை முகப்புப் பக்கத்துக்கு அனுப்பாமல், எடை, விலை, கூரியர் கட்டணம் மூன்றும் முதல் திரையிலேயே தெரியும் சிப்ஸ் பக்கத்துக்கு அனுப்பியதும் ஆர்டர் கூடியது.

வரவு செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் 5,400 ரூபாய் செலவு, 31 ஆர்டர். ஒரு ஆர்டருக்கு 174 ரூபாய் ஆகிறது. அரைக் கிலோ வாங்குபவரிடம் இது நஷ்டம், அதனால் குறைந்தது 2 கிலோ என்று வைத்தோம். திரும்ப வாங்குபவர்கள் நேராக வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். எங்களுக்கு லாபம் அவர்களிடம்தான். இதைப் பார்க்காமல் முதல் மாதமே விளம்பரக் காசு திரும்பிவிடும் என்று எதிர்பார்த்து இறங்காதீர்கள். கூகுள் ஆட்ஸுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். சொல்லும் செட்டிங்கும் பழக இரண்டு மாதமாவது ஆகும், அதற்குத்தான் ஒன்று குறைத்தேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, வேண்டாதபோது நிறுத்தலாம் என்பது. ஓணம் நெருங்கினால் ஏத்தன்குலை விலை ஏறிவிடும், பழைய விலைக்கு வெளியூர் ஆர்டர் எடுத்தால் கைநஷ்டம். அந்த இரண்டு வாரம் விளம்பரத்தை நிறுத்திவைத்தேன். குலை விலை இறங்கிய அன்று சாயங்காலம் திரும்பத் தொடங்கினேன். மறுநாள் மதியத்துக்குள் ஓசூரிலிருந்து 3 கிலோ ஆர்டர் வந்தது, மாமி அடுப்பு பற்றவைத்தார்.