கொழுப்பா, காயா, திமிங்கிலமா: பழைய அமெரிக்க வீட்டு மெழுகுவத்திகள்

1700களில், அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் இருட்டியதும் காசில்லாமல் கிடைத்த வெளிச்சம், பிசின் ஊறிய பைன் சிராய்தான். நன்றாக எரியும், ஆனால் புகை கக்கும், தார் போலச் சொட்டும். அடுப்பு மூலையோடு சரி. நிஜப் போட்டி மூன்று மெழுகுவத்திகளுக்குள்.

மாட்டுக் கொழுப்பு வத்திதான் எல்லா வீட்டிலும். குளிருக்கு முன் மாடு அறுக்கும்போது கிடைக்கும் கொழுப்பை உருக்கி, கோலில் வரிசையாகத் தொங்கும் திரிகளை அதில் முக்கி முக்கி எடுப்பார்கள். ஒவ்வொரு முக்கலுக்கும் ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் வத்தியில் விரிசல் விழும். பெண்களுக்கு ஒரு நாள் முழுக்க இடுப்பொடியும். இவ்வளவு செய்தும், கோடையில் வளையும், நாறும், எலி தின்னும். அதனால் பெட்டியில் போட்டு மூடிவைக்க வேண்டும். திரியின் கருகிய முனையை நிமிடத்துக்கு நிமிடம் வெட்டிவிட வேண்டும். அதற்கென்றே, வெட்டிய கரி விழச் சின்னப் பெட்டி வைத்த கத்தரி உண்டு. பின்னாளில் விஞ்ஞானியாகவும் அமெரிக்கத் தலைவராகவும் பேர் வாங்கிய பெஞ்சமின் பிராங்க்ளினின் அப்பாவுக்கு பாஸ்டனில் கொழுப்பு வத்தி செய்யும் தொழில்தான். பத்து வயதில் அங்கே வத்திகளுக்குத் திரி நறுக்கிக் கொடுத்த மகனுக்கு வேலை பிடிக்கவேயில்லை.

பேபெரி கடலோரப் புதர். அதன் சாம்பல் நிறக் காய்களைக் கொதிக்கவைத்தால் மெழுகு மேலே மிதக்கும். வத்தி இளம்பச்சையாக வரும். வெயிலில் வளையாது, கையில் பிசுக்கு ஒட்டாது. அணைத்தால் மணக்கும். வர்ஜீனியாவைப் பற்றி 1705இல் எழுதிய ராபர்ட் பெவர்லி, அந்த வாசனைக்காகவே சிலர் வேண்டுமென்று வத்தியை அணைப்பதாகச் சொல்கிறார். (நாம் ஊதுவத்தி வாங்குகிறோம், அவர்கள் விளக்கை அணைத்தார்கள்!) குறை ஒன்றுதான்: கூடை கூடையாகப் பறித்தாலும் மெழுகு கையளவே தேறும். காய்க்கு அவ்வளவு கிராக்கி. நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்ட் தீவின் புரூக்ஹேவன் ஊரில் 1687இலேயே, செப்டம்பர் 15க்கு முன் பறித்தால் 15 ஷில்லிங் அபராதம்.

மூன்றாவது, ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகு. வெள்ளை வெளிச்சம், நீண்ட நேரம் எரியும், திரி வெட்டும் தொல்லையும் குறைவு. 1751இல் ஒரு கடிதத்தில் இதை மெச்சி எழுதியவர், அதே கொழுப்பு வத்திக்காரரின் மகன் பிராங்க்ளின்! தரத்தில் இதுதான் முதலிடம். ஆனால் பணக்காரர் மேஜைக்கு மட்டும். 1761இல் இதைச் செய்கிறவர்கள் ஒன்றுகூடி, மூலப்பொருளைக் குறிப்பிட்ட விலைக்கு மேல் வாங்குவதில்லை என்று ஒப்பந்தமே போட்டார்கள்.

அங்கே நான் குடியிருந்திருந்தால் தினப்படிக்குக் கொழுப்பு வத்திதான். மாடு எப்படியும் அறுபடும், கொழுப்புக்குத் தனிக் காசில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் பேபெரி ஒன்றை ஏற்றி, அவர்கள் கிளம்பும்போது அணைப்பேன்.