புள்ளி ஐந்து, நொடி ஐந்து: குபர்நெட்டிஸ் டிஎன்எஸ் தாமதத்துக்கு மூன்று வைத்தியம்

குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் (பல கணினிகளின் தொகுப்பில்) டிஎன்எஸ், அதாவது பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை, மந்தம் என்றதும் பெரும்பாலானோர் முதலில் செய்வது, அந்த வேலையைப் பார்க்கும் கோர்டிஎன்எஸ் சர்வரின் பாடுகளை (கன்டெய்னர்கள் ஓடும் அலகுகளை) இரண்டிலிருந்து நான்காக்குவது. நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒன்றும் மாறவில்லை. வெளி ஏபிஐ ஒன்றைக் கூப்பிடும் எங்கள் சர்வீஸ், எப்போதாவது அப்படியே நின்றுவிடும். அப்புறம் எதுவுமே நடக்காததுபோல ஓடும். நின்ற நேரத்தை லாகில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஐந்து நொடி.

பாடுக்குள் போய் டிஎன்எஸ் அமைப்புகள் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்தால் பாதிக் கதை அங்கேயே இருக்கிறது. நேம்சர்வராக 10.96.0.10, மூன்று தேடல் பின்னொட்டுகள் (பெயரின் கடைசியில் ஒட்டிப் பார்க்கும் பகுதிகள்), கடைசி வரியில் என்டாட்ஸ்:5. பெயரில் ஐந்து புள்ளிக்குக் குறைவாக இருந்தால், முதலில் கிளஸ்டருக்குள்தான் தேடு என்று பொருள். 'ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம்' என்பதில் புள்ளிகள் இரண்டுதான். எனவே நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டால், 'ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம்.டிஃபால்ட்.எஸ்விசி.கிளஸ்டர்.லோக்கல்' போன்ற அபத்தமான பெயர்கள் வரிசையாக ஓடும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்பதால் ஆறு 'இல்லை' பதில்கள், அதற்குப் பிறகுதான் உண்மையான இரண்டு கேள்விகள். ஒரு முகவரிக்கு எட்டு கேள்விகள்!

ஐந்து நொடி வேறு நோய். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி, ஐபிவி4, ஐபிவி6 கேள்விகள் இரண்டையும் ஒரே சாக்கெட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அனுப்புகிறது. கோர்டிஎன்எஸ்ஸின் பொதுவான சர்வீஸ் ஐபியை ஒரு பாடின் ஐபியாக மாற்றும் இடத்தில், கர்னலின் கான்ட்ராக் (இணைப்புகளைக் குறித்து வைக்கும்) அட்டவணையில் இரண்டும் முட்டிக்கொண்டால் ஒரு பாக்கெட் காணாமல் போகும். பதில் வராததால் ஜிலிப்சி தன் வழக்கமான டைம்அவுட்டான ஐந்து நொடி காத்திருந்து மறுபடி கேட்கும். நோடில் (பாடுகள் ஓடும் கணினியில்) 'கான்ட்ராக் -எஸ்' கொடுத்து, அட்டவணையில் சேராமல் போனவற்றைக் காட்டும் இன்சர்ட்_ஃபெயில்டு எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். பாக்கெட் கோர்டிஎன்எஸ்ஸைப் போய்ச் சேரவே இல்லை என்னும்போது, அங்கே எத்தனை பாடு இருந்தால் என்ன?

முதல் வைத்தியம், பாடின் டிஎன்எஸ்கான்ஃபிக் அமைப்பில் என்டாட்ஸை 2 ஆக்குவது. செலவே இல்லை. 'ஆர்டர்ஸ்.பேமெண்ட்ஸ்' மாதிரி சர்வீஸும் நேம்ஸ்பேஸும் (கிளஸ்டருக்குள் இருக்கும் பிரிவு) சேர்ந்த பெயர்கள் முன்போலவே வேலை செய்யும், மேலே சொன்ன வெளிப்பெயர் நேராக வெளியே போய்விடும். ஆனால் யாராவது கோடில் 'ஆர்டர்ஸ்.பேமெண்ட்ஸ்.எஸ்விசி' என்று எழுதி வைத்திருந்தால் கவனம். ஜிலிப்சி முதலில் அதை வெளிப்பெயராகக் கேட்டுத் தோற்றாலும் பிறகு பின்னொட்டுகளுக்குத் திரும்பும். ஆல்பைன் லினக்ஸ் இமேஜில் ஜிலிப்சிக்குப் பதிலாக இருக்கும் மஸல் நூலகம் திரும்பாது, பெயர் கிடைக்கவில்லை என்று கையை விரித்துவிடும். 1 ஆக்கலாமே என்றால், 'ஆர்டர்ஸ்.பேமெண்ட்ஸ்' உட்பட உள் பெயர்களே முதலில் வெளியே கசியும். எனக்கு அது பிடிக்கவில்லை. பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தாலும் தேடல் நின்றுவிடும். அதை எச்டிடிபி முகவரியில் செய்தால், ஹோஸ்ட் ஹெடரில் ஒட்டிக்கொண்டு வரும் புள்ளியைச் சில சர்வர்கள் ஏற்பதில்லை.

இரண்டாவது கோர்டிஎன்எஸ்ஸின் ஆட்டோபாத் பிளகின். பின்னொட்டுத் தேடலை சர்வரே முடித்து, முதல் கேள்விக்கே சரியான பதிலைத் தந்துவிடும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கேட்பது எந்த நேம்ஸ்பேஸ் என்று தெரிய கிளஸ்டரின் எல்லாப் பாடுகளையும் அது கண்காணிக்க வேண்டும். கிளஸ்டர் வளர வளர மெமரியும் வளரும். வழக்கமான 170 எம்பி வரம்போடு இதை இயக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. சிறிய கிளஸ்டருக்குச் சரி. நான் இதைத் தொடுவதில்லை.

மூன்றாவது நோடுலோக்கல் டிஎன்எஸ் கேஷ், குபர்நெட்டிஸ் 1.18 முதல் ஸ்டேபிள். ஒவ்வொரு நோடிலும் பதில்களை நினைவில் வைக்கும் ஒரு கேஷ், வழக்கமாக 169.254.20.10 முகவரியில். பாடின் கேள்வி நோடைத் தாண்டாமல், முகவரி மாற்றமும் கான்ட்ராக்கும் இல்லாமல் அங்கே போய்ச் சேரும். கேஷில் இல்லாத கிளஸ்டர் பெயர்களுக்கு மட்டும் அது கோர்டிஎன்எஸ்ஸை டிசிபியில் கேட்கும். ஐந்து நொடி நோய்க்கு இந்த மூன்றில் இதுதான் மருந்து. குறை இல்லாமல் இல்லை. நோடுக்கு ஒரே ஒரு பாடு. மெமரி போதாமல் அது கொல்லப்பட்டால் தான் போட்ட ஐபிடேபிள்ஸ் (பாக்கெட்டுகளை வழிநடத்தும்) விதிகளைத் துடைக்காமலே போகும், மறுபடி எழும்வரை அந்த நோடில் யாருக்கும் பெயர் கிடைக்காது. சர்வீஸ் போக்குவரத்தைப் பாடுகளுக்கு அனுப்பும் கியூப்பிராக்ஸி ஐபிவிஎஸ் முறையில் ஓடினால், நோடில் பாடுகளை இயக்கும் கியூப்லெட்டின் கிளஸ்டர் டிஎன்எஸ் முகவரியையும் மாற்ற வேண்டும்.

கேள்விகள் மட்டும்தான் அதிகம், ஐந்து நொடி நிற்பதில்லை என்றால் வெளியே அதிகம் பேசும் டெப்ளாய்மெண்டுகளில் என்டாட்ஸை 2 ஆக்கினால் போதும். இன்சர்ட்_ஃபெயில்டு ஏறுகிறதா, நோடுலோக்கல் போடுங்கள். நாங்கள் போட்ட பிறகு அந்த எண் நகரவில்லை. என்டாட்ஸை மாற்றாத பாடுகள் இன்னும் அதே ஆறு அபத்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. நோடே அந்த 'இல்லை'யை ஐந்து நொடி நினைவில் வைத்துப் பதில் சொல்லிவிடுகிறது.