மாவு மில் மாடியில் ஒரு ஜாக்கெட் கடை

ரெடிமேட் ஜாக்கெட் எதுவும் எனக்குக் கை ஏறாது. மார்புக்குச் சரியாக எடுத்தால் கை பாதியில் நின்றுவிடும். கைக்குச் சரியாக எடுத்தால் தோள் இறங்கித் தொங்கும். இத்தனைக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் 19 வருஷம் டேப்பும் கையுமாகத் துணி செக் பண்ணியவள் நான்.

போன மாதம் நாத்தனார் சொல்லி இந்தக் கடைக்குப் போனேன். மேற்கு மாம்பலம், ஆரிய கவுடா ரோட்டிலிருந்து பிரியும் சந்து, கீழே மாவு மில், மாடியில் கடை. பெயரைப் போடவேண்டாம் என்று கடைக்கார அம்மா கேட்டுக்கொண்டார். முகூர்த்த மாதத்தில் வருகிற கூட்டமே தாங்கவில்லையாம். மிளகாய்ப் பொடி நெடியைப் பிடித்துக்கொண்டு படியேறுங்கள்.

அளவு கேட்டார். 40 என்றேன்.

"நாற்பதுல அ-வா, ஆ-வா, இ-யா அக்கா?"

எண் மார்புச் சுற்றளவு, எழுத்து கைச்சுற்று. 40-அ என்றால் கை 12½ அங்குலம், ஆ 14, இ 15½. அவ்வளவுதான் விஷயம். எனக்கு ஆ. ஊக்கை மாட்டிக்கொண்டு, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கிப் பார்த்தேன். அக்குளில் இழுக்கவில்லை.

எங்கள் கம்பெனியில் என்ன நடக்கும் தெரியுமா? ஒரு நடுத்தர சைஸுக்குப் பேட்டர்ன் போட்டுவிட்டு, அதிலிருந்து மற்ற சைஸ்களுக்குக் கூட்டிக்கொண்டே போவார்கள். கிரேடிங் என்று பெயர். மார்பு இரண்டு அங்குலம் கூடினால் கை அரை அங்குலம் கூடும். 36க்குக் கை 12 என்றால் 40க்கு 13. என் 14 அங்குலக் கைக்கு 44 எடுக்கவேண்டும், மார்பில் நாலு அங்குலம் சும்மா தொங்கும். எல்லா உடம்பும் ஒரே விகிதத்தில் பெருக்கும் என்று எந்த மகராசன் சொன்னானோ. அளவுகள் எழுதிய ஸ்பெக் ஷீட் வெளிநாட்டிலிருந்து வரும். யாரை அளந்து போட்டார்கள் என்று நாங்களும் கேட்டதில்லை.

இந்த அம்மா யாரை அளந்தார் என்பதற்கு ஆதாரம் அலமாரியிலேயே இருக்கிறது. முன்பு தையல் மட்டும் செய்துகொண்டிருந்த காலத்து அளவு நோட்டுகள், பதினொன்று. ஒன்றைப் பிரித்துக் காட்டினார். ஒரே பக்கத்தில் 38 மார்புக்காரர்கள் நாலு பேர். கை 11½, 12, 13½, 14½. அவர் பெண் எல்லாவற்றையும் எக்ஸெலில் ஏற்றி, எந்த மார்புக்கு எந்தக் கை அதிகம் வருகிறது என்று எண்ணியிருக்கிறாள். அ, ஆ, இ அதிலிருந்து பிறந்ததுதான். "கை ஏறலன்னா கையத்தானே பெருசாக்கணும், மார்ப ஏன் பெருசாக்கணும்?" என்று அந்த அம்மா கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

ஒரு குறை உண்டு. கூட வந்த என் மகளுக்கு எதுவும் சரிப்படவில்லை. அவள் கல்லூரியில் நீச்சல் அடித்தவள், தோள் அகலம். நோட்டில் இருப்பதோ பெரும்பாலும் நாற்பது வயது தாண்டிய மாம்பலத்து மாமிகள். அளக்க வந்தவர்களுக்குத்தானே சைஸ் கிடைக்கும்? அமெரிக்காவிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. 1939, 40இல் அரசாங்கமே சுமார் 15,000 பெண்களை, ஆளுக்கு 59 இடத்தில் அளந்தது. வெள்ளையர் அல்லாதவர்களின் அளவைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கணக்கை அடிப்படையாக வைத்து 1958இல் வந்த சைஸ் முறையை 1983இல் கைவிட்டார்கள். நம் ஊரில் நிஃப்ட், அதாவது தரமணியில் வளாகம் இருக்கிறதே அந்த ஃபேஷன் டெக்னாலஜி கல்வி நிறுவனம், 15 முதல் 65 வயதுவரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் இந்தியாசைஸ் திட்டத்தை எடுத்தது. அந்த அட்டவணை கடைக் கடையாக இறங்கும்வரை எனக்கு மாவு மில் மாடிதான்.

மகளின் அளவை நோட்டில் குறித்துக்கொண்டு, தனியாகத் தைத்துத் தருவதாகச் சொன்னார். அதற்குப் பத்து நாள்.

அப்புறம், பழக்க தோஷம். வாங்கிய மூன்றையும் வீட்டில் டேப் வைத்துப் பார்த்தேன். இரண்டு கச்சிதம். மூன்றாவதில் இடது கை அரை அங்குலம் குறைவு. கம்பெனியாக இருந்தால் கால் அங்குலம் தாண்டினாலே பீஸ் திரும்பும். கொண்டுபோய்க் காட்டினேன். மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். உள்தையலில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் துணி விட்டிருப்பது நல்ல வேலை, பிறகு பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

லைனிங் வைத்த டூ பை டூ துணி ஜாக்கெட் 650 ரூபாய். துணி கொடுத்துத் தைக்கும் கூலியோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகிறது. கலர்தான் பதினைந்துக்கு மேல் இல்லை, மயில்கழுத்து நிறம் கேட்டால் கிடைக்காது. டிரையல் ரூம் என்பது ஒரு திரைச்சீலை. உள்ளே ஃபேன் கிடையாது. காலை பதினொன்றுக்கு முன்னால் போய்விடுங்கள், செவ்வாய்க்கிழமை லீவு.