எச்சில் துணியும் தேக்கு மேசையும்: பத்தாண்டுகளுக்கு மேலான அனுபவம்

சென்னை மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு 2014-ஆம் ஆண்டு தை மாதத்தில் வந்த சாப்பாட்டு மேசை, தச்சரிடம் சொல்லித் தேக்கில் செய்து வாங்கியது. ஐந்தடிக்கு மூன்றடி அளவுள்ள அதன் மேல்பலகையில், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ் போடப்பட்டிருக்கிறது. கீழே எழுதியிருப்பவை பெரும்பாலும் இந்தப் பாலிஷுக்கே பொருந்தும், பி.யு. (பாலியூரித்தேன்) என்னும் பிளாஸ்டிக் வகைப் பூச்சுள்ள மேசை வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு கவலை இருக்காது.

முதல் இரண்டு ஆண்டுகளில் மேசையைக் கெடுத்தது தண்ணீர். சாப்பிட்டு எழுந்தவுடன் எச்சில் இடத்தில் நீர் தெளித்துத் துடைத்தால்தான் என் அம்மாவுக்கு மனம் ஒப்பும். உலர்ந்த துணி போதும் என்று நான் சொன்னபோது, "தண்ணி படாம எச்சில் எப்படிடா போகும்?" என்று கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த நீர் பலகைகள் சேரும் இணைப்புக்குள் இறங்கி, பாலிஷில் மயிரிழை போல ஒரு வெடிப்பும் அதையொட்டிச் சாம்பல் நிறக் கோடும் விழுந்தன. கடைசியில் இரண்டு துணிகள் என்று சமரசம் ஆயிற்று: பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, ஒரு துண்டை நனைத்துச் சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து துடைப்பது, ஈரம் காயும் முன்பே மற்றொரு துண்டால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் ஒற்றியெடுப்பது. அதற்குப் பிறகு அந்தக் கோடு வளரவில்லை.

அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரைப் பிரிமணையில்லாமல் வைத்ததால் உண்டான வெள்ளை வளையம் தனிக்கதை. சூட்டினால் பாலிஷுக்குள் புகுந்து சிக்கிக்கொண்ட ஈரமே அந்த வெண்மை என்பதால், அதை மீண்டும் இளஞ்சூட்டால் வெளியேற்ற முடியும். வளையத்தின் மேல் உலர்ந்த பருத்தித் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் சில நொடிகள் மட்டும் வைத்து எடுத்தேன்; நான்காம் முறையில் வளையம் மறைந்தது. அந்த வெற்றி தந்த தைரியத்தில் அடுத்த வளையத்துக்குப் பெட்டியைச் சற்று அதிக நேரம் வைத்துவிட்டேன். அரக்கு இளகி, துணியின் நெசவு கட்டம் கட்டமாகப் பாலிஷில் பதிந்துவிட்டது. சாய்ந்து பார்த்தால் இன்றும் தெரிகிறது.

மஞ்சள் கறைக்கு நான் எதுவும் செய்வதில்லை. சோப்பு பட்டால் அது சிவக்கும். ஜன்னல் வெயில் படும்படி விட்டால் தானாகவே வெளுத்துவிடும்.

2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் செய்த தவறுதான் பெரியது. வாங்கி வந்த பொருள்களை மேசையில் பரப்பிச் சானிடைசரால் துடைத்தோம். அதிலுள்ள ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. இரண்டே வாரங்களில் மேசையின் ஒரு மூலை பிசுபிசுத்து மங்கி, செய்தித்தாள் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்தது.

அதைச் சரிசெய்யும் அவசரத்தில், தீபாவளிக்கு மேசை பளபளக்க வேண்டும் என்று ஐப்பசி மழையிலேயே பாலிஷ் போடச் செய்தோம். வந்தவர் தயங்கினார், நாங்கள்தான் வற்புறுத்தினோம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்ததால், மேற்பரப்பு முழுவதும் பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்துப்போனது. பங்குனியில் 320 எண் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி போட்ட பாலிஷ் இன்றுவரை நிற்கிறது. ஆகவே சென்னையில் இந்த வேலையை மாசிக்கும் வைகாசிக்கும் இடையே வைத்துக்கொள்வதே நல்லது. இடையில் ஆண்டுக்கு இருமுறை தேன்மெழுகை மெல்லியதாகப் பூசித் துடைத்தால் போதுமானது. தேங்காய் எண்ணெய் பூசச் சொல்பவர்கள் பலர். அது உலராத எண்ணெய் என்பதால் ஒரு நாள் மினுக்கிவிட்டுத் தூசியைத்தான் சேர்க்கிறது.

மேல்பலகையிலேயே கவனமாக இருந்ததில் கால்களை மறந்துவிட்டேன். தினமும் வீடு துடைக்கும் நீர் அவற்றின் அடியில் உள்ள குறுக்குவெட்டு வழியாக உறிஞ்சப்பட்டு, சமையலறைப் பக்கத்துக் கால் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கறுத்திருக்கிறது. நான்கு கால்களுக்கும் ரப்பர் புஷ் மாட்டிவிட்டேன். கறுத்த பகுதியைச் சுரண்டிப் பாலிஷ் போட மாசி வரட்டும் என்று காத்திருக்கிறேன்.