இதயத் துடிப்பு மாத்திரை உட்கொள்பவர்கள் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம்

காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு மருந்துக்கடையில் நாங்கள் ஆறு ஆண்டுகளாக மருந்து வாங்கி வந்தோம். 71 வயதான என் தாயார், ஒழுங்கற்றுத் துடிக்கும் இதயத்தைச் சீராக வைத்திருக்க அமியோடரோன் 200 மி.கி. மாத்திரையைத் தினமும் உட்கொள்பவர். அதை மாதந்தோறும் எடுத்துக் கொடுப்பவரும் அந்தக் கடைக்காரர்தான். அதனால்தான் நடந்ததை என்னால் எளிதில் விட முடியவில்லை.

சென்ற மாதம் சளியும் இருமலும் இரண்டு நாள் நீடிக்கவே, அமியோடரோன் வாங்கப் போன அம்மா சளிக்கும் ஏதாவது கொடுக்கும்படி கேட்டிருக்கிறார். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை, ரசீதும் தரவில்லை. அமியோடரோன் அட்டையோடு லீவோஃப்ளாக்சசின் 500 என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஐந்தைக் கத்தரித்து ஒரே காகித உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். கத்தரி பட்ட இடத்தில் பெயரின் பெரும்பகுதி போய், ‘சின் 500’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. மறுநாள் அம்மாவுக்கு வாந்தி வந்தது. தம்பி ஓடிப்போய்ச் சொன்னபோது, அதே கடைக்காரர் ஒண்டான்செட்ரான் கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் மாலை, கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா மயங்கி விழுந்தார்.

108 ஆம்புலன்ஸில் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனோம். அங்கு எடுத்த இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி 540 மில்லி விநாடியாக இருந்தது. 500-ஐத் தாண்டினாலே ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத் தசை மின்னூட்டத்தைச் சரிசெய்துகொண்டு அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தைத்தான் க்யூ.டி. இடைவெளி காட்டுகிறது. அமியோடரோன் அந்த நேரத்தை நீட்டித்துத்தான் துடிப்பைக் கட்டுப்படுத்துகிறது. லீவோஃப்ளாக்சசினும் அதே நேரத்தை நீட்டிக்கக்கூடியது, வாந்திக்குக் கொடுத்த ஒண்டான்செட்ரானும் அப்படியே. போதாததற்கு, வாந்தியால் உடலில் பொட்டாசியமும் குறைந்திருந்தது. இவையெல்லாம் ஒன்றுசேரும்போது, டோர்சேட்ஸ் டி பாயின்ட்ஸ் எனப்படும், உயிரைப் பறிக்கக்கூடிய தாறுமாறான துடிப்பு கிளம்பலாம். மாத்திரைகளை நிறுத்தி, மெக்னீசியமும் பொட்டாசியமும் ஏற்றி, மூன்று நாள் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். சளிக்கோ ஆன்டிபயாடிக் தேவையே இல்லையாம். சாதாரண வைரஸ் சளிதான்.

லீவோஃப்ளாக்சசின் மட்டுமல்ல, மாக்சிஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. தொண்டை வலி என்றாலே எடுத்து நீட்டப்படும் அசித்ரோமைசினைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-லேயே எச்சரித்திருக்கிறது. டிகாக்சின் என்ற இதய மருந்தை உட்கொள்பவருக்குக் கிளாரித்ரோமைசின் வேறு விதத்தில் கெடுதல் செய்யும்: இரத்தத்தில் டிகாக்சினின் அளவை நச்சாகும்வரை உயர்த்திவிடக்கூடும். அமியோடரோனை நிறுத்தி ஒரு மாதம் ஆகிவிட்டதே என்றும் அலட்சியமாக இருக்க முடியாது. அது உடலைவிட்டு நீங்கப் பல வாரங்கள், சில வேளை மாதங்கள்கூட ஆகும். எல்லா ஆன்டிபயாடிக்கும் இப்படியல்ல, அமாக்சிசிலின் போன்றவை க்யூ.டி.யை நீட்டிப்பதில்லை. ஆனால் எதைத் தேர்வது என்பதை, உட்கொள்ளும் மருந்துகளையெல்லாம் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

லீவோஃப்ளாக்சசின் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 அட்டவணையில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிய மருத்துவர், நோயாளி ஆகியோரின் விவரத்தைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொன்னபோது கடைக்காரர், “அம்மா கேட்டாங்க, கொடுத்தேன். பில் வெச்சிருக்கீங்களா?” என்று திருப்பிக் கேட்டார். பில் இல்லை. மிஞ்சிய இரண்டு மாத்திரைகளோடு அந்தக் கத்தரித்த அட்டையைப் படமெடுத்து, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியுடன் சேர்த்து மருந்து ஆய்வாளருக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். மருந்தின் பக்கவிளைவுகளைத் தெரிவிப்பதற்கான 1800-180-3024 எண்ணிலும் பதிவு செய்துவிட்டேன். பதில் வரும்வரை அட்டையைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.